உபயம்: மாறன்

இருபது நாள் விடுப்பு முடிந்து அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் புதிதாக மாட்டியிருந்த டிவி. அதில் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. கறுப்புத் திரையில் இரண்டே வரிகள்.

கவிநிலா – 163
மாறன் – 41

மாறன் நான். கவிநிலா போன வருடம் ஆடி மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண். நான் இந்தக் கம்பெனியில் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அந்த எண்கள் என்னவென்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வயிறு எரிந்தது. இதில் மறைத்துப் பேச என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது.

"அண்ணா, வந்துட்டீங்களா! பாப்பா எப்படி இருக்கா? அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று கவிநிலா எழுந்து வந்தாள்.

"இருக்காங்க" என்றேன். கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸை அவள் நீட்டிய கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தேன். அவளே பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வேங்கிக்காலில், ஒரு பேக்கரிக்கு மேல் முதல் மாடியில் எங்கள் கம்பெனி. லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். கோவிலைச் சுற்றியுள்ள லாட்ஜுகள், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ்கள் என்று அறுபத்திரண்டு வாடிக்கையாளர்கள். முதலாளி சந்திரகலா மேடம். போன் எடுத்துப் பதில் சொல்ல சப்போர்ட்டில் இரண்டு பேர். கோட் எழுதுவது நானும் கவிநிலாவும். அவள் வருவதற்கு முன்பு நான் மட்டும்தான்.

எங்கள் தொழிலுக்கு உயிர் போகும் நாள், கிரிவலத்துக்குக் கூட்டம் திரளும் பௌர்ணமிதான். மற்ற நாளில் காலியாகக் கிடக்கும் ரூமுக்கு அன்று பத்துப் பேர் நிற்பார்கள். அப்போது சாஃப்ட்வேர் எங்கே படுத்தாலும் உடனே ஓர் ஆள் எழுந்து பார்த்தாக வேண்டும். எந்த ஆள் என்பதில்தான் எப்போதும் தகராறு. தை மாதம் ஒரு மீட்டிங்கில் கவிநிலா யோசனை சொன்னாள்.

"ஒவ்வொரு கோட் மேலயும் அதை யாரு பாத்துக்கறாங்கன்னு பேரை ஒட்டிடலாம் மேடம். கஸ்டம் அட்ரிபியூட் போட்டா போதும். கோளாறு வந்தா சிஸ்டமே அந்தப் பேரைப் படிச்சு அவங்களுக்குப் போன் அடிச்சிடும்."

நாங்கள் எழுதும் சி ஷார்ப் மொழியில் அட்ரிபியூட் என்று ஒன்று உண்டு. சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதி கோடின் தலைமேல் ஒட்டிவைப்பது. மொழியோடு வருகிறவை சில இருக்கின்றன. நமக்கு வேண்டியதை நாமே உண்டாக்கிக்கொண்டால் அது கஸ்டம். ஒட்டியதால் மட்டும் எதுவும் நடக்காது, யாராவது வந்து படித்தால்தான் அதற்கு மதிப்பு.

"கோவில் டியூப்லைட்ல எழுதி வெக்கற மாதிரியா? அப்போ உபயம்னே பேரு வெச்சிடுங்க" என்று மேடம் சிரித்தார். அப்படியே வைத்தோம்.

ஆறு வருடமாக எனக்குத் தோன்றாத யோசனை ஆறு மாதம் முன்பு வந்தவளுக்கு எப்படித் தோன்றியது என்று அன்றே ஒரு முள் குத்தியது. அதனால் ஒட்டிய பெயரைப் படிக்கும் பகுதியை நான் எழுதுகிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டேன். விஷயமே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பெயரை எங்கே ஒட்டுகிறோம், அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

கிரிவலப் பாதையில் ஒரு சத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் ஃபேனில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அந்த ஃபேன் அவர் கொடுத்தது. ஃபேனில் பெயர் இல்லையென்றால் அந்த அறையின் வாசலுக்கு மேலே பார்ப்போம். அங்கே இருக்கும் பெயர்தான் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும். அங்கேயும் இல்லையென்றால் தெருவாசல் வளைவில் இருக்கும் பெயர். எங்கள் கோடில் ஃபேன் என்பது மெத்தட், அதாவது ஒரு தனி வேலை. அறை என்பது கிளாஸ், பல வேலைகளை ஒன்றாக வைத்திருக்கும் இடம். கிளாஸின் தலையில் ஒட்டிய பெயர் தானாக உள்ளே இறங்காது. படிக்கிறவன்தான் மெத்தடிலிருந்து மேலே ஏறிப் பார்க்க வேண்டும். அப்படி ஏறிப் பார்க்கும் கோடை எழுதியவன் நான். மிக அருகில் இருக்கும் பெயரே செல்லும், தூரத்துப் பெயர் செல்லாது. இது என் விதி.

மேடம் ஒரு விதி சேர்த்தார். "ஒரே ஆளுக்குத்தான் போன் போவணும். ரெண்டு பேருக்கு அடிச்சா அவன் எடுப்பான்னு இவன் விட்டுடுவான், இவன் எடுப்பான்னு அவன் விட்டுடுவான்."

ரூம் ஒதுக்கும் கிளாஸ் ஆறு வருடமாக நான் கட்டியது. நூற்று இருபத்திரண்டு மெத்தட். ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? கிளாஸின் தலையில் உபயம், மாறன் என்று ஒரே வரி போட்டேன். முடிந்தது.

பங்குனியில் மகள் பிறந்தாள். இருபது நாள் விடுப்பு. அந்த இருபது நாளில் என் போனுக்கு ஒரு கால்கூட வரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மனைவி சினேகாவிடம் பெருமை பேசினேன். "பாத்தியா? ஆறு வருஷக் கோடு. ஆளே இல்லன்னாலும் அது பாட்டுக்கு ஓடுது."

இப்போது இந்த டிவி. நான் இல்லாதபோது, எந்த மெத்தட் யார் பெயரில் இருக்கிறது என்பதை அதே உபயத்திலிருந்து படித்துத் திரையில் போடச் சொல்லியிருக்கிறார் மேடம். என் கணினியைத் திறந்தேன். ரூம் ஒதுக்கும் கிளாஸுக்குப் போனேன். தலையில் இருந்த ஒரு வரியைப் பார்த்தேன்.

உபயம், கவிநிலா.

என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டிருந்தாள். ஒரே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறாள், என் நூற்று இருபத்திரண்டும் அவள் பக்கம் போய்விட்டன. என் விடுப்பில் அவள் புதிதாக எழுதிச் சேர்த்தது ஒன்பது மெத்தட். கிளாஸில் மொத்தம் நூற்று முப்பத்தொன்று. வேறு இடங்களில் அவளுக்கு முப்பத்திரண்டு. கூட்டினால் நூற்று அறுபத்து மூன்று. எனக்கு வேறு இடங்களில் கிடந்த நாற்பத்தொன்று மட்டும் மிச்சம்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த வரியை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி குறிப்பு எழுத வேண்டும். இன்னொருவர் மாற்றியதில் கை வைப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான். கவிநிலாவுக்கும் நான்தான் சொன்னேன். அன்று நான் குறிப்பைத் திறக்கவில்லை. பெயரைப் பார்த்தேன், எனக்கு அது போதுமாக இருந்தது.

மதியம் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"வேலூர்ல ஒரு ஆபீஸ் போடறேன் மாறன். ஆனிலேர்ந்து நான் அங்கதான் ஜாஸ்தி இருப்பேன். இங்க டீமை ஒருத்தர் பாத்துக்கணும். சித்ரா பௌர்ணமி முடியட்டும், யாருன்னு சொல்றேன்."

சொல்லும்போது அவர் கண் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு நொடி டிவியின் பக்கம் போய் வந்தது. அந்த ஒரு நொடியை நான் வீட்டுக்குக் கொண்டு போனேன், சாப்பிடும்போதும் கூடவே இருந்தது. மேடத்திடம் போய், டிவியில் என் பெயர் கம்மியாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முப்பத்துநாலு வயது, ஒரு குழந்தைக்கு அப்பன். கவிநிலாவிடம் போய் என் பெயரை ஏன் எடுத்தாய் என்று கேட்க முடியுமா? கேட்டால், அவளைப் பார்த்து எனக்கு எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதைவிடச் சாகலாம்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடக் கீழே போனபோது வேலையைத் தொடங்கினேன். கிளாஸின் தலையில் இருந்த அவள் பெயரைத் தொடவில்லை. தொட்டால் வெளிப்படையாகச் சண்டைக்குப் போனதாகிவிடும். அது இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே ஒவ்வொரு மெத்தடின் தலையிலும் என் பெயரை ஒட்டினேன். அருகில் இருக்கும் பெயர்தானே செல்லும்? வாசலில் அவள் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, உள்ளே ஒவ்வொரு ஃபேனிலும் நான் இருப்பேன்.

நூற்று இருபத்திரண்டு முடிந்தது. கடைசியில் அவள் எழுதிய ஒன்பது இருந்தது. கை நின்றது. நின்றது என்பதை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அந்த ஒன்பதிலும் என் பெயரை ஒட்டினேன். நான் கட்டிய கிளாஸுக்குள் வந்து உட்கார்ந்தவைதானே என்று மனசு நியாயம் சொன்னது. குறிப்பில் 'ஒழுங்குபடுத்தல்' என்று ஒரே சொல் எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் டிவி மாறியது. மாறன் 172. கவிநிலா 32.

அவள் டீ கிளாஸோடு டிவிக்கு எதிரில் நின்று பார்த்தாள். நான் என் திரையைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாடும் என்று காத்திருந்தேன். அவள் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "அண்ணா, பாப்பாவுக்குப் பேரு வெச்சாச்சா?" என்று கேட்டாள். எனக்குக் கிடைத்த ஜெயத்தில் பாதி ருசி போய்விட்டது.

அன்றிலிருந்து என் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு, மூன்று. குழந்தை அப்போதுதான் கண் அசந்திருக்கும்.

"இருபது நாள் நிம்மதியா இருந்துச்சு. திரும்ப ஆரம்பிச்சிடுச்சா இந்தச் சனியன்?" என்றாள் சினேகா.

அந்த இருபது நாள் ஏன் அடிக்கவில்லை, இப்போது ஏன் அடிக்கிறது என்று நான் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. டிவியில் என் பெயர் மேலே இருந்தது. தினமும் காலையில் உள்ளே நுழையும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

சித்ரா பௌர்ணமி வந்தது. அன்று பார்த்து மகளுக்கு நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி. மூன்று மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருந்தார். மேடத்திடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன்.

"நீங்க போங்கண்ணா, நான் இருக்கேன்ல" என்றாள் கவிநிலா. அவள் மேசையில் போன் சார்ஜரில் இருந்தது. திரை மேலே பார்த்தபடி, கைக்கு எட்டும் தூரத்தில். நீ யார் எனக்கு பர்மிஷன் கொடுக்க என்று நினைத்துக்கொண்டே லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊருக்குள் ஆட்டோ விடவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றி சினேகா தூக்கிக்கொள்ள, கூட்டத்துக்குள் நடந்துதான் போனோம். கிளினிக்கில் டோக்கன் எண் பதினெட்டு. மூன்று ஐந்துக்கு என் போன் அடித்தது. சிஸ்டம் அடிக்கும் கால். திரையில் எழுத்து ஓடியது. ரூம் மாற்றும் மெத்தட், கோளாறு, கண்ணாயிரம் லாட்ஜ்.

ரூம் மாற்றும் மெத்தட் கவிநிலா எழுதியது. என் விடுப்பில் அவள் சேர்த்த ஒன்பதில் ஒன்று. தங்கியிருப்பவர் இன்னொரு நாள் இருக்கிறேன் என்றால் அடுத்து வருகிறவரை வேறு ரூமுக்கு மாற்றிவிடும். மேடம் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதாக சப்போர்ட்டில் சொன்னார்கள். அது படுத்துவிட்டது. பௌர்ணமி அன்று படுத்துவிட்டது. எனக்கு உள்ளே சில்லென்று இருந்தது.

"யாருங்க?" என்றாள் சினேகா.

"ஒண்ணுமில்ல. கவிநிலா எழுதினது ஒண்ணு படுத்துடுச்சு."

"என்னங்க, இவ்ளோ சந்தோஷமா சொல்றீங்க?"

போனைப் பாக்கெட்டில் வைத்தேன். அவள் எழுதியது, அவள் பார்த்துக்கொள்வாள். அவளுக்குத்தான் போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே. நாளைக்கு மேடம் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை அடித்தது. விட்டுவிட்டேன். உள்ளே ஊசி போட்டார்கள். மகள் வீறிட்டு அழுதாள். சினேகா அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்போது மூன்றாவது முறை அடித்தது.

அவளுடைய கோடுக்கு எனக்கு ஏன் அடிக்கிறது என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன்.

அடிப்பது ஒரே ஆளுக்கு. மிக அருகில் இருக்கும் பெயருக்கு. அந்தப் பெயரை ஒட்டியவன் நான். அவளுடைய ஒன்பதையும் எடுத்துக்கொண்டதை நானே மறந்துபோயிருந்தேன். கவிநிலாவின் போன் மேசைமேல் சத்தமில்லாமல் கிடக்கும், அவள் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்போதாவது அவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், உனக்கு ஏன் போன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நானே சரிசெய்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. சினேகாவையும் குழந்தையையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஊரில் இருந்த அத்தனை லட்சம் பேரும் போனைக் கையில் வைத்திருந்தார்கள். நெட் நகரவில்லை. வாசலுக்குப் போய், மாடிப்படியில் ஏறி, எப்படியோ மெத்தடைத் திறந்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. படித்தேன். புரியவில்லை. நன்றாக எழுதியிருந்தாள் என்பது மட்டும் புரிந்தது, அது அந்த நேரத்தில் ஓர் உபகாரமும் செய்யவில்லை. இடையில் லாட்ஜ் முதலாளி கண்ணாயிரம் நான்கு தடவை கூப்பிட்டார். ஐந்தாவது தடவை எடுத்தேன்.

"இன்னாப்பா மாறா இது? ஒரே ரூமை ரெண்டு ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்து வெச்சிருக்குது உன் மிஷினு! பதினோரு குடும்பம் மூட்டையோட வரவேற்புல நிக்குது. ஒரு அம்மா மாசமா இருக்காங்கப்பா, சேர்கூட இல்ல எனக்கு. மிஷின்ல யாரு பாக்கறாங்கன்னு தட்டினா மாறன், மாறன்னுதான் வருது. நீ இன்னா பண்ணிங்கிற?"

நாலேகாலுக்கு கவிநிலாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ரூம் மாத்தற மெத்தட் படுத்துடுச்சு. கண்ணாயிரம் லாட்ஜ்."

"எனக்கு வரலையே அண்ணா... பரவால்ல, இதோ பாக்கறேன்." விசைகளின் சத்தம் கேட்டது. "புது பிளாக் கட்டியிருக்காரு போல. ரூமுக்கு ஏ நூத்தியொண்ணுனு நம்பர் போட்டிருக்காங்க. என் மெத்தட் எழுத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் பாக்குது. பழைய நூத்தியொண்ணும் புது நூத்தியொண்ணும் அதுக்கு ஒரே ரூம். என் தப்புதாண்ணா." கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சது. அவரை ஒருக்கா லிஸ்டைத் திறந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஏழு நிமிடம். நான் எழுபது நிமிடம் வைத்திருந்ததை ஏழு நிமிடத்தில் முடித்தாள். என் தப்பு என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் என்று அதிலும் எனக்குப் பொறாமை வந்தது.

மறுநாள் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலை மேடம் எல்லோரையும் உட்கார வைத்தார். கையில் கால் போன பட்டியல். மூன்று ஐந்து, மாறன். மூன்று பதினெட்டு, மாறன். மூன்று முப்பத்தொன்று, மாறன்.

"கண்ணாயிரம் சார் நம்மள விட்டுப் போறேன்னு நிக்கறாரு. எழுவது நிமிஷம் ஏன் ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கவிநிலா, "மேடம், எழுதினது நான். எனக்கு ஏன் போன் அடிக்கலன்னுதான் பாக்கணும். படிக்கற பகுதியில ஏதோ தப்பு இருக்கும்போல" என்றாள். என்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. டிவியில் எண் ஏன் மாறியது என்று அவள் தோண்டிப் பார்த்ததே இல்லை. லேப்டாப்பை அந்த டிவியில் இணைத்தாள். பெயர்களும் எண்களும் போய், ரூம் ஒதுக்கும் கிளாஸில் உபயம் வரிகளை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு திரையில் வந்தது. மேலிருந்து இரண்டாவதாக இருந்தது அவளுடைய மாற்றம். என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்ட அந்த ஒரு சொல். தேதியைப் பார்த்தேன். என் மகள் பிறந்த நாள். நேரம் மாலை நாலு பத்து. மகள் பிறந்தது மூன்றரைக்கு.

கீழே குறிப்பு இருந்தது.

'மாறன் அண்ணாவுக்குப் பாப்பா பிறந்திருக்கு. சித்ரா பௌர்ணமி முடியற வரைக்கும் இந்த கிளாஸோட கால் எல்லாம் எனக்கு வரட்டும். முடிஞ்சதும் மறக்காம அவர் பேரைத் திரும்பப் போடணும்.'

அன்று டிவியே கிடையாது. அது ஒரு வாரம் கழித்துத்தான் சுவருக்கு வந்தது. என் விடுப்பில் அந்த கிளாஸிலிருந்து போன கால்களும் பக்கத்தில் இருந்தன. நான்கு கால். நான்கும் நான் எழுதிய மெத்தடுகள். நான்கையும் அவள் எடுத்திருக்கிறாள், சரிசெய்திருக்கிறாள், என்னிடம் வாயைத் திறக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடுது என்று நான் சினேகாவிடம் சொன்ன கோடு அதுதான்.

கவிநிலா அடுத்த மாற்றத்தைத் திறந்தாள். 'ஒழுங்குபடுத்தல்.' மாறன், மாறன், மாறன் என்று திரை முழுக்க இறங்கிக்கொண்டே போனது. அவளுடைய ஒன்பது வந்ததும் மவுஸ் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. திரையைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்தாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க அன்று அவ்வளவு ஆசைப்பட்டேனே, இப்போது பார்த்தேன்.

"இந்த ஒன்பதும் யாரு எழுதினது?" என்றார் மேடம்.

அவள் அந்தப் பக்கத்தை மூடப் போனாள். சொல்லமாட்டாள் என்று தெரிந்தது. அவள் காப்பாற்றி நான் தப்பிக்கிற இன்னொரு கேவலம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"கவிநிலா எழுதினது மேடம். பேரு நான் ஒட்டினது."

"ஏன்?"

"டிவியில என் பேரு ஜாஸ்தி காட்டணும்னு."

சப்போர்ட்டில் ஒருவர் இருமினார். மேடம் பட்டியலை மடித்தார். "சரி" என்றார். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆனியிலிருந்து டீமை கவிநிலா பார்த்துக்கொள்வாள் என்றார். என் கோடில் குறை ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பதவி அவளுக்குத்தான் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். கீழே பேக்கரியில் ஒரு டீ குடித்தேன். கண்ணாயிரத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்த மாசமான அம்மாவை அவர் தன் வீட்டிலேயே தங்கவைத்து மறுநாள் அனுப்பியிருக்கிறார்.

மேலே வந்தபோது கவிநிலா என் மேசைக்கு அருகில் நின்றிருந்தாள்.

"அண்ணா, கிளாஸ் தலையில உங்க பேரைப் போட்டுட்டேன். உள்ள நூத்தி முப்பத்தொண்ணையும் எடுத்துட்டேன், மேல ஒண்ணு இருந்தா போதுமே. என்னோட ஒன்பதுக்கு மட்டும் என் பேரை ஒட்டிக்கிட்டேன்." போகத் திரும்பியவள் நின்றாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல அண்ணா?"

இந்த முறை குறிப்பைத் திறந்து படித்தேன். 'பௌர்ணமி முடிஞ்சது. கிளாஸ் மாறன் அண்ணாவுக்கே.' எழுதிய நேரம் மீட்டிங் முடிந்து பத்து நிமிடம். என்ன செய்தேன் என்று தெரிந்த பிறகும் அண்ணா என்றே எழுதியிருக்கிறாள்.

டிவி மாறியது.

மாறன் – 163
கவிநிலா – 41

அதே எண்கள். இடம் மட்டும் மாறியிருந்தது. விடுப்பிலிருந்து திரும்பி வந்த அன்று எந்த எண்ணைப் பார்த்து வயிறு எரிந்தேனோ அது இப்போது என் பெயருக்கு எதிரில் இருந்தது. அப்போதும் எரிந்தது. மேடம் கொடுத்த பதவிக்காக இல்லை. அது அவளுக்குத்தான் போக வேண்டும் என்று எனக்கே தெரியும். அந்த இரண்டு வரிக் குறிப்புக்காக எரிந்தது. ஒருத்தன் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட உடனே, முதல் காரியமாக அதை எழுத ஒருவருக்கு எப்படித் தோன்றுகிறது?

ஆறு வருடத்தில் நான் எழுதிய குறிப்புகளைத் திறந்து தேடினேன். இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். சரிசெய்தது. வேகம் கூட்டியது. ஒழுங்குபடுத்தல். இன்னொரு மனிதரின் பெயர் இருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை.

மணி ஆறு ஆகியிருந்தது. எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஏழு நிமிடத்தில் அவள் சரிசெய்த மெத்தடைத் திறந்தேன். இன்னொரு லாட்ஜிலும் எழுத்தோடு ரூம் எண் போட்டிருந்தார்கள், அதையும் சேர்த்துச் சோதிக்க ஒரு வரி எழுதினேன். குறிப்புப் பெட்டி திறந்தது. ஏன் மாற்றினேன் என்று எழுத வேண்டும். 'கவிநிலா' என்று அடித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.